பிறந்த குழந்தை நடுங்கி நடுங்கி வீறிடுகிறதா? அம்மாவின் மருந்து, அம்மாவின் நோய், குழந்தையின் அவதி

பிறந்து இரண்டாவது நாள். பால் கொடுத்தாகிவிட்டது, ஈரத்துணி மாற்றியாகிவிட்டது, உடம்பும் சுடவில்லை, ஆனாலும் குழந்தை அடங்க மாட்டேன் என்கிறது. அழுகை கீச்சென்று உச்சத்தில் போய் அங்கேயே நிற்கிறது. தொட்டிலை லேசாக இடித்துவிட்டால் கூட கையும் தாடையும் கிடுகிடுவென்று நடுங்குகின்றன. அடுத்தடுத்து நான்கைந்து தும்மல், அப்புறம் கொட்டாவி, மூக்கடைப்பு. சளிதானே என்று மூக்கில் சொட்டு விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. சளியாகவும் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் கர்ப்பத்தில் அம்மா தொடர்ந்து ஏதாவது மருந்தோ போதைப்பொருளோ எடுத்திருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது வேறு: குழந்தைக்கு மருந்து விடுபடும் அவதி. மருத்துவமனையில் 'வித்ட்ராயல்' என்பார்கள்.

நடப்பது இதுதான். அம்மா எடுக்கும் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஓபியாய்டு வகை மருந்துகள் (மார்ஃபின், கோடீன், டிரமடால், மெத்தடோன், ஹெராயின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்) மூளையில் விழிப்பைத் தூண்டும் நரம்புகளை அமுக்கி வைக்கும். அமுக்க அமுக்க அந்த நரம்புகளும் பதிலுக்கு முட்டிப் பழகிவிடும். தொப்புள்கொடியை வெட்டியதும் மருந்து வரத்து நின்றுபோகிறது, அமுக்கிய கை எடுபடுகிறது, முட்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஸ்பிரிங் மாதிரி எகிறுகிறது. நடுக்கம், வியர்வை, பேதி, தூக்கமின்மை எல்லாம் அந்த எகிறலின் வேலை. இதைப் பார்த்துவிட்டு 'போதைக்கு அடிமையான குழந்தை' என்று சொல்லுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். போதையைத் தேடி அலைவதற்குப் பெயர்தான் அடிமைத்தனம், இந்தக் குழந்தை தேடுவது பாலையும் மடியையும் மட்டும்தான்.

இன்னொன்று, இது தெருவில் விற்கும் போதைப்பொருள் சமாச்சாரம் மட்டும் இல்லை. முதுகுவலிக்கு டாக்டரே எழுதிக் கொடுத்த டிரமடால், மாதக்கணக்கில் குடித்த கோடீன் இருமல் மருந்து, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டால், தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, மது என எதுவும் இந்த நிலைமையைக் கொண்டுவரலாம். சிகரெட் இதோடு சேர்ந்தால் அவதி கூடும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும்: தானாக நிறுத்தாதீர்கள்

குழந்தைக்குக் கெடுதல் என்று பயந்து அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறிவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்தான எண்ணம். தினமும் மது குடித்தவரோ பென்சோடயாசபைன் வகைத் தூக்க மாத்திரை எடுத்தவரோ திடீரென்று நிறுத்தினால் அம்மாவுக்கே வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. மது கருவுக்குக் கெடுதல் என்பதால் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவமனையில், கண்காணிப்போடு. சிகரெட்டை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ஓபியாய்டு விஷயத்தில் கதை வேறு. நிறுத்திப் பார்ப்பவர்களில் பலர் திரும்ப எடுக்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுவதால் பழைய அளவே உயிரைக் குடிக்கும் அளவாகிவிடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓபியாய்டைச் சார்ந்திருக்கும் கர்ப்பிணிகளுக்கு மருந்தை முற்றிலும் இறக்குவதைவிட மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் (இரண்டும் ஓபியாய்டு வகைதான், ஆனால் நீண்ட நேரம் நிற்பவை) தொடர்ந்து கொடுப்பதையே பரிந்துரைத்தது. அந்த மருந்தாலும் குழந்தைக்கு அவதி வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதிர்பார்த்துத் தயாராக இருக்கக்கூடிய அவதி, சிகிச்சை உள்ள அவதி.

எந்த மருந்து நல்லது என்று கேட்பார்கள். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. புப்ரெனார்ஃபின் எடுத்த அம்மாக்களின் குழந்தைகளுக்கு அவதியைத் தணிக்கக் கொடுக்கும் மார்ஃபின் தேவை 89 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் இருந்த நாட்களும் சராசரியாக 10, மெத்தடோன் பக்கம் 17.5. ஆனால் புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களில் பாதியில் விட்டுப்போனவர்களும் அதிகம், 33 சதவீதம், மெத்தடோனில் 18. ஆக, மெத்தடோனில் நிதானமாக இருப்பவர் குழந்தைக்காக மாறப் போகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

கடைசி மூன்று மாதத்தில் உடம்பில் ரத்த அளவும் மருந்து கரையும் வேகமும் கூடுவதால் அளவை ஏற்றவோ, ஒரு வேளையை இரண்டு வேளையாகப் பிரிக்கவோ வேண்டியிருக்கும். இங்கேதான் நிறைய அம்மாக்கள் குற்ற உணர்ச்சியில் யாருக்கும் சொல்லாமல் அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள். அம்மாவின் மருந்து அளவை வைத்துக் குழந்தையின் அவதி எவ்வளவு இருக்கும் என்று கணிக்க முடிவதில்லை. குறைத்துக்கொண்டால் கஷ்டப்படப் போவது நீங்கள்தான், குழந்தைக்கு லாபம் இருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள். 'ஏதோ வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என்ன பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது எடுத்தீர்கள், இருமல் மருந்து, சிகரெட், மது உட்பட ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கூட வந்தவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டிவிடலாம். இந்தத் தகவலை யார் யார் பார்ப்பார்கள் என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது, போதை ஊசி போட்டுக்கொண்ட பழக்கம் இருந்தால் நிச்சயமாக. அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாதென்றால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் நோயும் இதே வேஷம் போடும்

நடுங்கும் குழந்தைக்கெல்லாம் மருந்து அவதி என்று முடிவு கட்டிவிட முடியாது. மற்றவை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். அம்மாவின் உடல்நிலை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முதல் ஆள் சர்க்கரை. அம்மாவுக்குச் சர்க்கரை அதிகமாக இருந்திருந்தால் வயிற்றுக்குள் குழந்தையும் நிறைய இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். பிறந்ததும் அம்மாவின் சர்க்கரை நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. விளைவு, குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம், சோர்வு, சில சமயம் வலிப்பு. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நடுங்கும் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான், மற்றதெல்லாம் அப்புறம். கால்சியம் குறைந்தாலும் இப்படி நடுங்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்மா லபெட்டலால் எடுத்திருந்தாலும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம்.

தைராய்டு இன்னும் தந்திரக்காரன். கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) உள்ள அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்குள் போய் அதன் தைராய்டையும் முடுக்கிவிடும். குழந்தை எரிச்சலாக அழும், வியர்க்கும், இதயம் படபடக்கும், பேதியாகும், எவ்வளவு குடித்தாலும் எடை ஏறாது. வரிக்கு வரி மருந்து அவதியின் அடையாளங்கள்தான். அம்மா தைராய்டைக் குறைக்கும் மாத்திரை எடுத்திருந்தால் அந்த மாத்திரையின் தாக்கம் குழந்தையிலும் சில நாள் இருக்கும், அதனால் பிறந்த அன்று எல்லாம் சரியாகத் தெரிந்துவிட்டு நாட்கள் கழித்து ஆரம்பிக்கும். பல வருஷத்துக்கு முன்பே தைராய்டை அறுவை செய்து எடுத்துவிட்ட அம்மாவுக்கும் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். 'அதெல்லாம் பழைய கதை' என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

வலிப்பு உள்ள அம்மா மாத்திரையை நிறுத்தவே கூடாது, மாற்ற வேண்டுமானால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரோடு பேசி மாற்றுவது நல்லது, முக்கியமாக வால்ப்ரோயேட் எடுப்பவர்கள். மனச்சோர்வு மாத்திரையும் அப்படித்தான். எஸ்எஸ்ஆர்ஐ வகை எடுத்த அம்மாக்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 3இல் 1 பங்குக்கு முதல் சில நாட்களில் நடுக்கம், அமைதியின்மை, பால் குடிக்கத் தடுமாற்றம் வரும். பெரும்பாலும் லேசானது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி, மனச்சோர்வு முற்றிய நிலையில் பிரசவத்துக்குப் போவது அதைவிடப் பெரிய தொந்தரவு.

இதற்கு நேரெதிராக ஒன்று: பிரஷர் ஏறி அம்மாவுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றியிருந்தால் குழந்தை துவண்டு, தூங்கி வழிந்துகொண்டு பிறக்கலாம். கிருமித்தொற்றும் எந்த வேஷத்திலும் வரும். காய்ச்சல் இருந்தால் 'வித்ட்ராயல்தான்' என்று யாராவது சுலபமாகச் சொன்னாலும் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

பிரசவ அறையில்

மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எடுப்பவர் பிரசவ நாளிலும் வழக்கமான வேளையைத் தவறவிடக் கூடாது. அது வலிக்கான மருந்தாகாது, வலிக்குத் தனியாக மருந்து வேண்டும், முதுகில் போடும் எபிடூரல் நன்றாகவே வேலை செய்யும். பென்டசோசின், பியூட்டார்ஃபனால், நால்பஃபீன் ஆகிய மூன்று வலி மருந்துகளும் உங்களுக்கு ஆகாது, போட்டால் அங்கேயே கடுமையான வித்ட்ராயல் கிளம்பும். இந்த மூன்று பெயரையும் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு வரி: குழந்தை மூச்சுவிடத் திணறினாலும் நலாக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) போட வேண்டாம், மூச்சுக்கு உதவினால் போதும். ஓபியாய்டுக்குப் பழகிய குழந்தைக்கு நலாக்சோன் போட்டால் வலிப்பு வரை போகலாம்.

எப்போது ஆரம்பிக்கும்

ஹெராயின் மாதிரி சீக்கிரம் கரைவது என்றால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும், ஒரு வாரம் வரைகூடத் தள்ளிப்போகலாம். மது என்றால் சில மணி நேரத்திலேயே. ஃபீனோபார்பிட்டால் போன்றவை மெதுவாகக் கரைவதால் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்தும் வரும். இதனால்தான் சாதாரணப் பிரசவம்தானே, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படக் கூடாது. அம்மா எடுத்தது சீக்கிரம் கரையும் ஓபியாய்டு என்றால் குறைந்தது 3 நாள், மெத்தடோன் மாதிரி நீண்ட நேரம் நிற்பது என்றால் 5 முதல் 7 நாள் குழந்தையைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

நடுக்கமா வலிப்பா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நடுங்கும் கையை உங்கள் உள்ளங்கையால் மெதுவாகப் பொத்தி, முழங்கையை லேசாக மடக்கிப் பிடியுங்கள். சாதாரண நடுக்கம் என்றால் உங்கள் கைக்குள் அப்படியே அடங்கிவிடும், விட்டால் திரும்ப வரும். வலிப்பு அடங்காது. உங்கள் கைக்குள்ளேயே வெட்டி வெட்டி இழுக்கும், கண் ஒரு பக்கமாகச் செருகும் அல்லது வெறித்து நிற்கும், உதடு நிறம் மாறும், மூச்சு நிற்கும். அப்படியானால் நேராக அவசர சிகிச்சைக்கு, யோசனையே வேண்டாம்.

ஆற்றுவது எப்படி

முதல் மருந்து அம்மாவின் நெஞ்சுதான். குழந்தைக்கு வெறும் டயப்பர், உங்கள் மேல்சட்டை திறந்திருக்க, தோலோடு தோல் ஒட்டி, குழந்தையின் முதுகுக்கு மேல் ஒரு துணி. நீங்கள் முழு விழிப்பில் இருக்கும்போது மட்டும். குழந்தையின் மூக்கும் வாயும் திறந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

அழுகை முற்றிவிட்டதென்றால் இப்படிச் செய்து பாருங்கள். விளக்கைக் குறையுங்கள், டிவி, போன் சத்தம் எல்லாம் நிற்கட்டும். மெல்லிய பருத்தித் துணியில் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் வாய்க்குப் பக்கத்தில் வரும்படி சுற்றுங்கள், ஏனென்றால் தன் கையைச் சப்பியே பாதி ஆறும் குழந்தைகள் இவை. இடுப்புப் பக்கம் தளர்வாக இருக்கட்டும், கால் மடங்க வேண்டும். இந்தக் குழந்தைகள் வில் மாதிரி பின்னால் வளைந்து விறைப்பார்கள், அதனால் முதுகை வளைத்து, தலையும் முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி வரும்படி உருண்டையாகப் பிடியுங்கள். பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் இன்னும் மிரளும். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக, மெதுவாக, ஒரே சீராக. முக்கியமானது, ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆட்டிக்கொண்டே பாடி, தட்டிக்கொடுத்து, முகத்தருகே போய்ச் செல்லம் கொஞ்சினால் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் அடிவாங்கிய மாதிரி ஆகிவிடும் அதற்கு. முகத்தைத் திருப்பினாலோ விக்கல், கொட்டாவி வந்தாலோ போதும் என்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் விட்டுவிடுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அடுத்த மாதம் வரட்டும்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஓயாமல் நடுங்கி அழும் குழந்தை நிறைய சக்தியைச் செலவழிக்கிறது, எடை குறைந்தால் அதிகக் கலோரி உள்ள பால் தேவைப்படும், அதை டாக்டர் சொல்வார். எப்போதும் வாயை அசைத்துத் தேடும், பசி என்று நினைத்துத் திணித்தால் கக்கிவிடும், வெறும் சப்பலுக்குத்தான் தேடுகிறதா என்று சூப்பானைக் கொடுத்துப் பாருங்கள். பேதியால் பின்புறம் சீக்கிரமே புண்ணாகும், தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு முறையும் துத்தநாகக் களிம்பைத் தடித்துத் தடவுங்கள். குதிகாலும் முழங்காலும் விரிப்பில் உராய்ந்து உராய்ந்து தோல் உரியும், அங்கேயும் கண் இருக்கட்டும். யாரோ சொன்னார்கள் என்று தூங்க வைக்க எதையும் நாக்கில் தடவிவிடாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன பார்க்கிறார்கள்

முன்பெல்லாம் ஃபின்னகன் அட்டவணைதான் எல்லாம். 1975இல் லொரெட்டா ஃபின்னகன் உருவாக்கியது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தும்மல், கொட்டாவி, நடுக்கம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தொடர்ந்து மூன்று முறை 8ஐத் தொட்டால் மருந்து ஆரம்பிப்பார்கள். அதில் ஒரு சங்கடம், மதிப்பெண் போடுவதற்காகவே தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டிவரும். இப்போது பல இடங்களில் மூன்றே கேள்விதான்: வயதுக்கு ஏற்ற அளவு குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குகிறதா, அழுதால் 10 நிமிடத்துக்குள் ஆற்ற முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தும்மினால் தும்மிவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. இந்த முறையில் வீட்டுக்குப் போகத் தயாராக 8.2 நாள் ஆனது, பழைய முறையில் 14.9. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 19.5 சதவீதம், பழைய முறையில் 52. என் கணக்கில் இதற்குப் பெரிய காரணம் அம்மா பக்கத்திலேயே இருப்பதுதான். ஆகவே உங்களையும் குழந்தையையும் ஒரே அறையில் வைக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் பதற வேண்டாம். வாய்வழியாகச் சொட்டு மார்ஃபினோ மெத்தடோனோ கொடுத்து, குழந்தை நிதானமானதும் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை சுமார் 10 சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். போதாவிட்டால் குளோனிடின் அல்லது ஃபீனோபார்பிட்டால் சேர்ப்பார்கள். அளவைக் குறைத்த அன்று குழந்தை கொஞ்சம் சிணுங்கும், பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா

மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினில் நிதானமாக இருந்து, வேறு போதைப்பொருள் எடுக்காத அம்மா தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன். பாலில் போகும் மருந்து மிகக் குறைவு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அவதியும் குறைகிறது. ஹெபடைட்டிஸ் சி இருந்தாலும் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும்வரை அந்தப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். எச்ஐவி என்றால் சிகிச்சை தரும் டாக்டரோடு பேசித்தான். தெருவில் கிடைக்கும் எதையாவது இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் வேண்டாம். கோடீன், டிரமடால் இரண்டையும் பால் கொடுக்கும் அம்மா எடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது, சிலருடைய உடம்பு அவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடுகிறது, பால் வழியே போனால் குழந்தைக்கு மூச்சே திணறலாம். தையல் வலிக்கு வேறு மருந்து கேளுங்கள். பாலை நிறுத்தும்போது ஒரே நாளில் வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

போன ஒன்றிரண்டு நாளிலேயே எடை பார்க்க ஒருமுறை வர வேண்டும், அந்தத் தேதியை வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். லேசான எரிச்சல், தூக்கக் குறைவு, சட்டென்று திடுக்கிடுவது சில மாதங்கள் வரை நீடிக்கலாம். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தனிப் படுக்கையில், தலையணை இல்லாமல். மயக்கம் தரும் மருந்து எடுக்கும் அம்மா குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். பால் குடிக்க எழுப்பினாலும் எழாத குழந்தை, மூச்சு விட்டுவிட்டு வருவது, காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம்.

இரவு இரண்டு மணிக்கு எதுவும் பலிக்காமல் உங்களுக்கே கை நடுங்குகிற மாதிரி கோபம் வந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் உட்காருங்கள். அழுதாலும் பரவாயில்லை. குழந்தையைக் குலுக்கக் கூடாது, ஒரு முறை குலுக்கினாலும் மூளையில் ரத்தக்கசிவு ஆகலாம். பக்கத்தில் கூப்பிட ஒரு ஆளை இப்போதே முடிவு செய்து அவர் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அம்மாவுக்கும் இந்த மாதங்கள்தான் வழுக்கும் இடம். பிரசவத்துக்குப் பிறகு சிகிச்சையை விட்டுவிட்டு மறுபடி போதைக்குப் போவதும், அளவு மீறி உயிருக்கே ஆபத்தாவதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். உங்கள் மருந்து கிடைக்கும் இடம், அடுத்து போக வேண்டிய நாள், வீட்டில் பெரியவர்களுக்கான நலாக்சோன், மனம் ரொம்பச் சோர்ந்தால் யாரைப் பார்ப்பது, இவை நான்கும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே பையில் இருக்கட்டும். முதல் வருஷத்தில் கண்ணை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு மாறுகண்ணோ கண் ஆடுவதோ வருகிறது, சீக்கிரம் பார்த்தால் சிகிச்சை சுலபம்.